மோலும் மூலக்கூறு நிறையும்: திரும்பத் திரும்ப வரும் சந்தேகங்கள்

பத்தாம் வகுப்பு, பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மாலையில் வேதியியல் சொல்லிக் கொடுக்கிறேன். மோல் பாடம் தொடங்கியதும் ஒவ்வொரு ஆண்டும் அதே கேள்விகள்தான் வரும். அவற்றைக் கேட்டவர்கள் கேட்டபடியே கீழே வைத்திருக்கிறேன். சேர்மங்களைக் குறியீட்டில் எழுதவில்லை, எந்த அணு எத்தனை என்று பெயர் சொல்லியே எழுதியிருக்கிறேன். அப்படி வாய்விட்டு எண்ணினாலே பாதித் தவறுகள் குறைந்துவிடும்.

எல்லாக் கணக்குக்கும் இந்த அணு நிறைகள் போதும்: ஹைட்ரஜன் 1, கார்பன் 12, நைட்ரஜன் 14, ஆக்சிஜன் 16, சோடியம் 23, அலுமினியம் 27, கந்தகம் 32, குளோரின் 35.5, கால்சியம் 40, இரும்பு 56, தாமிரம் 63.5, தங்கம் 197.

மோல்னா என்ன சார்? டஜன் மாதிரின்னு சொல்றாங்க, அதுக்கு மேல ஒண்ணும் புரியல.

டஜன் என்பது பாதி உண்மைதான். மோல் ஓர் எண்ணிக்கை, சரி: 6.022 × 10²³. ஆனால் ஒரு டஜன் முட்டையைக் கையால் எண்ணிவிடலாம், அணுவை அப்படி எண்ண முடியாது. எண்ண முடியாததை எடை போட்டு எண்ணுவதற்காக வந்ததுதான் மோல்.

கோயில் உண்டியலைத் திறந்ததும் கொட்டும் சில்லறையை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரே வகை நாணயமாகப் பிரித்த பிறகு, ஒன்று 6 கிராம் என்று தெரிந்தால், 6 கிலோ மூட்டையில் 1000 நாணயம் என்று எண்ணாமலே சொல்லலாம். தராசு காட்டுவது எடை, நமக்கு வேண்டியது எண்ணிக்கை. ஒரு நாணயத்தின் எடை தெரிந்ததால்தான் ஒன்றிலிருந்து மற்றதற்குப் போக முடிந்தது. வேதிவினையில் அணுக்கள் எண்ணிக்கைக் கணக்கில் சேர்கின்றன, ஆய்வகத்தில் நம் கையில் இருப்பதோ தராசு. அதனால்தான் இந்தப் பாடம் இல்லாமல் மேலே ஓர் அடி எடுத்து வைக்க முடியாது.

அந்த எண் ஏன் 6.022 × 10²³? முழுசா 10²⁴ன்னு வச்சிருக்கலாமே?

வைத்திருக்கலாம். ஆனால் ஒரு வசதி போய்விடும். ஒரு கார்பன்-12 அணுவின் நிறை 12 அணு நிறை அலகு (அணுக்களின் நிறையைச் சொல்ல வைத்திருக்கும் மிகச் சிறிய அலகு). அந்த 12 அப்படியே 12 கிராம் ஆக வேண்டுமானால் எத்தனை அணுக்கள் வேண்டும்? ஏறத்தாழ 6.022 × 10²³. அந்த எண்ணை எடுத்துக்கொண்டதால்தான் அட்டவணையில் இருக்கும் அணு நிறைக்குப் பக்கத்தில் "கிராம்" என்று போட்டு, அதை ஒரு மோலின் நிறை என்று சொல்ல முடிகிறது. 10²⁴ என்று வைத்திருந்தால் ஒவ்வொரு தனிமத்துக்கும் வேறொரு பட்டியலை மனப்பாடம் செய்ய வேண்டியிருக்கும்.

இந்த எண்ணை இத்தாலிய அறிவியலாளர் அவகாட்ரோ கண்டுபிடித்தார் என்று பலர் எழுதுகிறார்கள். அவர் 1811இல் சொன்னது, ஒரே வெப்பநிலையிலும் அழுத்தத்திலும் சம கனஅளவுள்ள வாயுக்களில் மூலக்கூறுகளின் எண்ணிக்கை சமம் என்பதுதான். அது எத்தனை என்று தெரியாமலேயே 1856இல் இறந்துபோனார். மூலக்கூறின் அளவை ஆஸ்திரிய அறிவியலாளர் லோஷ்மிட் 1865இல் முதலில் மதிப்பிட்டார். அவகாட்ரோவின் பெயரை அந்த எண்ணுக்கு வைத்தவர் பிரெஞ்சு இயற்பியலாளர் ழான் பெரின், 1909இல். இப்போது 2019 மே 20 முதல் அந்த எண் அளந்து அறியும் ஒன்றாக இல்லை, 6.02214076 × 10²³ என்று வரையறுத்தே வைத்துவிட்டார்கள். கார்பனை வைத்துச் சொன்ன பழைய வரையறை இன்னும் சில நோட்ஸில் கிடக்கிறது. கணக்கில் விடை மாறாது என்பதால் கவலை வேண்டாம்.

மூலக்கூறு நிறை கண்டுபிடிக்க சூத்திரம் இருக்கா?

சூத்திரமெல்லாம் கிடையாது, வெறும் கூட்டல். மூலக்கூறில் இருக்கும் ஒவ்வோர் அணுவின் நிறையையும் கூட்ட வேண்டும். நீரில் ஹைட்ரஜன் இரண்டு, ஆக்சிஜன் ஒன்று: 2 + 16 = 18. கந்தக அமிலத்தில் ஹைட்ரஜன் இரண்டு, கந்தகம் ஒன்று, ஆக்சிஜன் நான்கு: 2 + 32 + 64 = 98. குளுக்கோஸில் கார்பன் ஆறு, ஹைட்ரஜன் பன்னிரண்டு, ஆக்சிஜன் ஆறு: 72 + 12 + 96 = 180.

அவசரத்தில் அணு எண்ணைப் போட்டுவிடுகிறவர்கள் உண்டு. ஆக்சிஜனின் அணு எண் 8, அணு நிறை 16. நீருக்கு 10 என்று விடை வந்தால் அதுதான் நடந்திருக்கிறது.

அடைப்புக்குறி வந்தா குழம்புது. வெளியில இருக்கிற எண் எதுக்கெல்லாம் பொருந்தும்?

உள்ளே இருக்கும் எல்லாவற்றுக்கும். கால்சியம் ஹைட்ராக்சைடு என்றால் கால்சியம் ஒன்று, ஹைட்ராக்சைடு இரண்டு. ஒரு ஹைட்ராக்சைடு 17, இரண்டு 34. கால்சியத்தின் 40ஐச் சேர்த்தால் 74.

அலுமினியம் சல்பேட்டில்தான் பலர் சறுக்குகிறார்கள். அலுமினியம் இரண்டு, சல்பேட் மூன்று. ஒரு சல்பேட் என்பது கந்தகம் ஒன்றும் ஆக்சிஜன் நான்கும், அதாவது 32 + 64 = 96. மூன்று சல்பேட் 288, அலுமினியம் 54, மொத்தம் 342. ஆக்சிஜனை மட்டும் மூன்றால் பெருக்கிவிட்டு கந்தகத்தை அப்படியே விட்டால் 278 வரும். விடைத்தாள்களில் இந்த 278ஐ நிறையப் பார்க்கலாம். முதலில் அடைப்புக்குறிக்குள் இருப்பதைத் தனியாகக் கூட்டி ஓர் எண்ணாக ஆக்கிக்கொள்ளுங்கள், பெருக்கலை அப்புறம் வைத்துக்கொள்ளலாம்.

சமன்பாட்டில் ஒரு சேர்மத்துக்கு முன்னால் வரும் எண் வேறு கதை. அது மூலக்கூறு நிறையைத் தொடாது. "2 நீர்" என்று எழுதினாலும் நீரின் மூலக்கூறு நிறை 18தான், இரண்டு மோல் இருக்கிறது என்று மட்டும் பொருள்.

குளோரினுக்கு மட்டும் ஏன் 35.5? அரை புரோட்டான் இருக்குமா?

இருக்காது. எந்தக் குளோரின் அணுவை எடுத்தாலும் அது ஏறத்தாழ 35 ஆகவோ 37 ஆகவோதான் இருக்கும். இயற்கையில் கிடைக்கும் குளோரினில் நூற்றுக்கு 76 போல முதல் வகை, மீதி 24 இரண்டாம் வகை. சராசரி எடுத்தால் 35 × 0.76 + 37 × 0.24 = 35.48. நுட்பமான அளவுகளைப் போட்டால் 35.45 வரும், பாடத்தில் 35.5 என்று முடித்துக்கொள்கிறோம்.

தாமிரத்தின் 63.5ம் இப்படித்தான். சரியாகச் சொன்னால் கார்பனும் 12 இல்லை, 12.011. கார்பன்-13 நூற்றுக்கு ஒன்று போலக் கலந்திருக்கிறது. பள்ளிக் கணக்குக்கு அந்தப் புள்ளிக்கு மேல் போக வேண்டாம்.

மூலக்கூறு நிறையும் 18, மோலார் நிறையும் 18. அப்போ ரெண்டும் ஒண்ணுதானே?

எண் ஒன்று, பொருள் வேறு. 18 அணு நிறை அலகு என்பது ஒரே ஒரு நீர் மூலக்கூறின் நிறை. கிராமில் சொன்னால் 2.99 × 10⁻²³. மோலுக்கு 18 கிராம் என்பது 6.022 × 10²³ மூலக்கூறுகளின் நிறை, அதாவது இரண்டு மடக்குத் தண்ணீருக்குக் கொஞ்சம் குறைவு. ஒப்பு மூலக்கூறு நிறை என்று கேட்டால் வெறும் 18, அலகே கிடையாது. இரண்டாவது பதிலில் சொன்ன வசதியால்தான் இவை ஒரே எண்ணாக வருகின்றன. அலகை எழுதாமல் விட்டால் எதைச் சொல்கிறீர்கள் என்று திருத்துகிறவருக்குத் தெரியாது, மதிப்பெண்ணும் போகும்.

சாப்பாட்டு உப்புக்கு மூலக்கூறே இல்லைன்னு மிஸ் சொன்னாங்க. பிறகு எப்படி மூலக்கூறு நிறை?

மிஸ் சொன்னது சரி. உப்புப் படிகத்தில் சோடியம் அயனியும் குளோரைடு அயனியும் மாறி மாறி அடுக்கியிருக்கும், தனி ஜோடி என்று எதையும் பிரித்துக் காட்ட முடியாது. அதனால் வாய்பாட்டு நிறை என்று சொல்வது முறை: 23 + 35.5 = 58.5. கணக்குப் போடும் விதத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

எப்ப பெருக்கணும், எப்ப வகுக்கணும்? இதுதான் எனக்கு எப்பவும் மாறிப்போகுது.

அதிகம் கேட்கப்படுவது இதுதான். முக்கோணம் வரைந்து விரலால் மறைக்கும் வித்தையைச் சொல்லிக் கொடுக்கிறார்கள். எனக்கு அது பிடிக்காது. முக்கோணத்தில் எதை எங்கே எழுதுவது என்பது மறந்துபோனால் எல்லாமே போச்சு. அலகைப் பாருங்கள், அது மறக்காது. மோலார் நிறையின் அலகு "ஒரு மோலுக்கு இத்தனை கிராம்". கிராம் கையில் இருந்து மோல் வேண்டுமென்றால், கிராம் அடிபட வேண்டும், ஆகவே வகுக்க வேண்டும். மோல் கையில் இருந்து கிராம் வேண்டுமென்றால் பெருக்க வேண்டும். மோலிலிருந்து மூலக்கூறு எண்ணிக்கைக்குப் போக 6.022 × 10²³ஆல் பெருக்கல், திரும்பி வர வகுத்தல்.

ஒரு கணக்கை முழுதாகப் பார்ப்போம். 4.4 கிராம் கார்பன் டை ஆக்சைடில் எத்தனை மூலக்கூறுகள்? கார்பன் ஒன்று, ஆக்சிஜன் இரண்டு: 12 + 32 = 44. மோல் = 4.4 ÷ 44 = 0.1. மூலக்கூறுகள் = 0.1 × 6.022 × 10²³ = 6.022 × 10²². எந்தக் கேள்வியானாலும் முதலில் மோலுக்கு வந்துவிடுங்கள், அங்கிருந்து கேட்ட இடத்துக்குப் போங்கள். கிராமிலிருந்து நேராக மூலக்கூறுக்குத் தாவ முயல்கிறவர்கள்தான் தடுமாறுகிறார்கள்.

விடை வந்ததும் ஒரு பார்வை பாருங்கள். கையில் பிடிக்கும் அளவுப் பொருளில் மூலக்கூறு எண்ணிக்கை 10²¹, 10²², 10²⁴ என்று பெரிதாகத்தான் இருக்கும். 10⁻²³ என்று வந்தால் பெருக்க வேண்டிய இடத்தில் வகுத்திருக்கிறீர்கள். அரை மூலக்கூறு என்று எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போனவர்களும் உண்டு!

மூலக்கூறு எண்ணிக்கை சரியா வருது, அணு எண்ணிக்கை கேட்டா தப்பாகுது. ஏன்?

மோல் என்று எழுதி, எதன் மோல் என்று எழுதாமல் விடுவதால். மேலே 0.1 மோல் என்று கிடைத்தது கார்பன் டை ஆக்சைடு மூலக்கூறுகள். ஒவ்வொன்றிலும் மூன்று அணுக்கள். ஆகவே அணுக்கள் 0.3 மோல், அதாவது 1.807 × 10²³. ஆக்சிஜன் அணு மட்டும் கேட்டால் 0.2 மோல்.

"ஒரு மோல் ஆக்சிஜன்" என்று மொட்டையாகக் கேள்வி வந்தால் அது கேள்வியின் குறை. வாயு என்றால் 32 கிராம், அணு என்றால் 16 கிராம். 16 கிராம் ஆக்சிஜன் வாயுவையும் 16 கிராம் ஓசோனையும் ஒப்பிட்டுப் பாருங்கள். மூலக்கூறுகள் முதலாவதில் 0.5 மோல், இரண்டாவதில் 16 ÷ 48, அதாவது மூன்றில் ஒரு பங்கு மோல். அணுக்களோ இரண்டிலும் சரியாக ஒரு மோல். ஒரே நிறை, ஒரே தனிமம், எண்ணிக்கை மட்டும் நாம் எதை எண்ணுகிறோம் என்பதைப் பொறுத்து மாறுகிறது.

ஒரு பவுன் தங்கத்துல அணு அதிகமா, அதே எடை இரும்புல அதிகமா?

இரும்பில். 8 கிராம் சுத்தத் தங்கம் 8 ÷ 197 = 0.0406 மோல், 2.45 × 10²² அணுக்கள். 8 கிராம் இரும்பு 8 ÷ 56 = 0.143 மோல், 8.6 × 10²² அணுக்கள். ஒவ்வோர் அணுவும் இலேசாக இருந்தால் அதே எடைக்கு எண்ணிக்கை கூடும்.

நகைக்கடைப் பவுனை வைத்துக் கேட்டால் இன்னொரு படி உண்டு. 22 காரட் என்றால் ஆயிரத்தில் 916 பங்குதான் தங்கம், 8 கிராமில் 7.33 கிராம். அதை 197ஆல் வகுத்து மேலே போக வேண்டும். மீதியில் தாமிரமும் வெள்ளியும் இருக்கும்.

22.4 எப்ப போடணும்? தண்ணிக்கும் போடலாமா?

வாயுவுக்கு மட்டும், அதுவும் 0 டிகிரி செல்சியஸ், 1 வளிமண்டல அழுத்தத்தில் மட்டும். அந்த நிலையில் எந்த வாயுவானாலும் ஒரு மோல் சுமார் 22.4 லிட்டர். 0.1 மோல் கார்பன் டை ஆக்சைடு 2.24 லிட்டர். ஒரு மோல் தண்ணீரோ 18 மில்லி லிட்டர்தான், அதற்கு 22.4 போட்டால் ஆயிரம் மடங்குக்கு மேல் தவறு.

சில புத்தகங்களில் 22.7 என்று இருக்கிறதே என்று கேட்பார்கள். திட்ட அழுத்தத்தை 1 வளிமண்டலத்திலிருந்து 1 பார் என்று 1982இல் மாற்றினார்கள், அதனால் வந்த வேறுபாடு. கேள்வியில் எந்த அழுத்தம் கொடுத்திருக்கிறார்கள் என்று பார்த்து எடுத்துக்கொள்ளுங்கள். நம் ஊர் வகுப்பறையில் 30 டிகிரியில் ஒரு மோல் வாயு கிட்டத்தட்ட 24.9 லிட்டர் இடம் பிடிக்கும், ஆகவே 22.4ஐ எல்லா இடத்துக்கும் பொருத்த வேண்டாம்.

மயில்துத்தத்துல நடுவுல புள்ளி வச்சு 5 நீர்னு இருக்கு. பெருக்கணுமா, கூட்டணுமா?

கூட்ட வேண்டும். கணக்கில் புள்ளி பெருக்கலைக் குறிக்கும், அதனால்தான் குழப்பம். இங்கே அது "கூடவே ஒட்டியிருக்கிறது" என்று மட்டும் சொல்கிறது. மயில்துத்தம் என்பது நீர் ஒட்டிய காப்பர் சல்பேட். காப்பர் சல்பேட் 63.5 + 32 + 64 = 159.5. ஐந்து நீர் 90. மொத்தம் 249.5.

அந்த 90 சும்மா காகிதத்தில் இருப்பதில்லை. நீலப் படிகத்தைச் சோதனைக்குழாயில் போட்டு மெதுவாகச் சூடாக்கிப் பாருங்கள். குழாயின் வாய்ப்பக்கம் குளிர்ந்த கண்ணாடியில் நீர்த்துளிகள் கோத்து நிற்கும், கீழே படிகம் நொறுங்கி அழுக்கு வெள்ளைப் பொடியாகும். ஆறிய பிறகு ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் அந்த இடம் மட்டும் பட்டென்று நீலமாகும், குழாய் கையில் சுடும். 249.5 கிராமில் 90 கிராம் நீர் என்றால் நூற்றுக்கு 36. மருந்துக் குப்பியில் நீலமாக இருப்பதை எடுத்துக்கொண்டு 159.5ஐ வைத்துக் கணக்குப் போட்டால் கரைசல் நீர்த்துப்போகும்.

யூரியா மூட்டையில 46%ன்னு போட்டிருக்கு. அது இந்தக் கணக்குதானா?

இதேதான். யூரியாவில் கார்பன் ஒன்று, ஆக்சிஜன் ஒன்று, நைட்ரஜன் இரண்டு, ஹைட்ரஜன் நான்கு: 12 + 16 + 28 + 4 = 60. நைட்ரஜன் 28 ÷ 60 × 100 = 46.7. மூட்டையில் 46 என்று போடக் காரணம், உரத்தில் ஈரமும் வேறு சில பொருள்களும் கொஞ்சம் இருக்கும். 45 கிலோ மூட்டையில் இருக்கும் நைட்ரஜன் 20.7 கிலோ. வீட்டில் விவசாயம் இருக்கிற பிள்ளைகளுக்கு இந்த ஒரு கணக்கைப் போட்டுக் காட்டினால் சதவீத இயைபு அதோடு முடிந்தது.

சதவீதத்துலேருந்து வாய்பாடு கண்டுபிடிக்கும்போது 1.5, 1.33ன்னு வந்தா ரவுண்ட் பண்ணிடலாமா?

கூடாது. 1.02ஐ 1 என்று எடுக்கலாம், 1.5ஐ 2 என்று எடுத்தால் வேறு சேர்மமே ஆகிவிடும். ஓர் இரும்பு ஆக்சைடில் இரும்பு 70%, ஆக்சிஜன் 30% என்று வைத்துக்கொள்வோம். 100 கிராம் எடுத்தால் இரும்பு 70 ÷ 56 = 1.25 மோல், ஆக்சிஜன் 30 ÷ 16 = 1.875 மோல். சிறியதால் வகுத்தால் 1 : 1.5. இரண்டால் பெருக்குங்கள், 2 : 3. இது ஹேமடைட் என்ற இரும்புத் தாதுவில் இருப்பது.

இன்னொன்றில் இரும்பு 72.4%, ஆக்சிஜன் 27.6% என்றால் விகிதம் 1 : 1.33. மூன்றால் பெருக்கினால் 3 : 4, அது மேக்னடைட். சேலம் கஞ்சமலையில் இருக்கும் தாது இந்த வகைதான். இரண்டுக்கும் இடையே இரும்பின் வேறுபாடு 2.4 சதவீதம் மட்டும், அதனால் புள்ளிக்குப் பின்னால் இருப்பதை அலட்சியமாக வெட்டக் கூடாது.

10 கிராம் ஹைட்ரஜனும் 10 கிராம் ஆக்சிஜனும் சேர்ந்தா 20 கிராம் தண்ணி வரணுமே? விடை 11.25ன்னு இருக்கு.

நிறை அழியாது என்பது சரி, ஆனால் எல்லாம் தண்ணீராக மாறியே தீர வேண்டும் என்று யார் சொன்னது? ஹைட்ரஜன் வாயு 10 ÷ 2 = 5 மோல், ஆக்சிஜன் வாயு 10 ÷ 32 = 0.3125 மோல். சமன்பாட்டின்படி ஒரு மோல் ஆக்சிஜனுக்கு இரண்டு மோல் ஹைட்ரஜன் வேண்டும். 0.3125 மோல் ஆக்சிஜன் 0.625 மோல் ஹைட்ரஜனோடு தீர்ந்துவிடும். கிடைக்கும் நீர் 0.625 மோல், 18ஆல் பெருக்கினால் 11.25 கிராம்.

மீதி? ஹைட்ரஜன் 5 − 0.625 = 4.375 மோல், அதாவது 8.75 கிராம் வினையில் சேராமல் அப்படியே நிற்கிறது. 11.25 + 8.75 = 20, கணக்கு நேராகிவிட்டது. முதலில் தீர்ந்துபோவதைத்தான் வினைக் கட்டுப்பாட்டுக் காரணி என்கிறோம். கிராமைப் பார்த்து இதைச் சொல்ல முடியாது, இரண்டும் 10 கிராம்தானே. மோலுக்கு மாற்றி, சமன்பாட்டின் எண்ணோடு ஒப்பிட்ட பிறகுதான் தெரியும்.

ஒரு லிட்டர் தண்ணியில 4 கிராம் சோடியம் ஹைட்ராக்சைடு போட்டா 0.1 மோலார் கரைசல்தானே?

கிட்டத்தட்ட, ஆனால் செய்முறைத் தேர்வில் அப்படிச் செய்யாதீர்கள். சோடியம் ஹைட்ராக்சைடு 23 + 16 + 1 = 40, ஆகவே 4 கிராம் என்பது 0.1 மோல். மோலார் என்பது ஒரு லிட்டர் கரைசலில் இத்தனை மோல் என்று பொருள். 4 கிராமைக் கொஞ்சம் தண்ணீரில் கரைத்து, ஆறவிட்டு, திட்டக் குடுவையில் ஊற்றி, கழுத்துக் கோடு வரை தண்ணீர் நிரப்ப வேண்டும். ஒரு லிட்டரை முதலிலேயே அளந்து வைத்துக்கொண்டு அதில் பொருளைப் போடக் கூடாது.

இன்னொரு சிக்கல், சோடியம் ஹைட்ராக்சைடு காற்றில் இருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். தராசில் வைத்து மூடியைத் திருகுவதற்குள்ளேயே துண்டுகள் பளபளவென்று ஆகிவிடும். தராசில் 4 கிராம் காட்டினாலும் அதில் தண்ணீரும் சேர்த்தி. அதனால்தான் ஆய்வகத்தில் துல்லியமான கரைசலை ஆக்சாலிக் அமிலத்தில் செய்து, அதோடு தரம் பார்த்து (துளித்துளியாக வினைபுரிய விட்டு அளந்து) இதன் செறிவைக் கண்டுபிடிக்கச் சொல்கிறார்கள். ஆக்சாலிக் அமிலத்தில் கார்பன் இரண்டு, ஹைட்ரஜன் இரண்டு, ஆக்சிஜன் நான்கு: 24 + 2 + 64 = 90. அதிலும் இரண்டு நீர் ஒட்டியிருக்கிறது: 90 + 36 = 126. மயில்துத்தத்தில் சொன்னது போலக் கூட்டித்தான். 250 மில்லி லிட்டரில் 0.05 மோலார் வேண்டுமானால் 126 × 0.05 × 0.25 = 1.575 கிராம் எடுங்கள். 90 என்று வைத்துக்கொண்டு 1.125 கிராம் எடுத்தால் அந்தக் கரைசலை வைத்துச் செய்யும் ஒவ்வொரு தரம்பார்த்தலிலும் விடை தவறாகவே வரும், பியூரெட்டை எத்தனை கவனமாகப் பார்த்தாலும்.